ராபின் ஹுட் கூட்டத்தை உலோக மினியேச்சர்ல சேர்த்து பெயின்ட் பண்றது எப்படி: புதுசா வர்றவங்களுக்கு

ஆங்கிலக் கதைப்பாட்டுகள்ல வர்ற ஷெர்வுட் காட்டு வில்லாளி ராபின் ஹுட், அவன் ஊர் எதுன்னு கேட்டா நாட்டிங்ஹாம்னு எல்லாரும் சொல்லிடுவாங்க, ஆனா உலோக மினியேச்சர் சேர்க்கிறவங்களுக்கும் அதே ஊர்தான் முக்கியமான ஊர். 1970-கள் கடைசில பக்கத்துல இருக்கிற நியூவார்க்ல சிட்டாடல் மினியேச்சர்ஸ்ங்கிற கம்பெனியை ஆரம்பிச்சாங்க, அங்க சிற்பம் செதுக்கினவங்க, வார்ப்பு வேலை கத்துக்கிட்டவங்க பல பேர் அப்புறம் தனித்தனியா கம்பெனி போட்டாங்க, இன்னிக்கு கேம்ஸ் வொர்க்‌ஷாப், வார்லார்ட் கேம்ஸ், பெர்ரி மினியேச்சர்ஸ், ஃபவுண்ட்ரின்னு பெரிய பேருங்க பல நாட்டிங்ஹாம் வட்டாரத்துலயே இருக்கு, அந்த வட்டாரத்துக்கு லெட் பெல்ட்னு பட்டப்பேரே உண்டு, லெட்னா ஈயம். ஷெர்வுட் காட்டுக்காரங்களை வார்க்கிற ஊரு ஷெர்வுட் பக்கத்துலயே இருக்கிறது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

புதுசா வர்றவங்க வழக்கமா என்ன பண்றாங்கன்னா பெரிய பேக் ஒண்ணு வாங்கி எல்லாருக்கும் ஒரே பளீர் பச்சையை அடிச்சுடுறாங்க. முடிச்சு வரிசையா நிக்க வெச்சா யாரு ராபின், யாரு லிட்டில் ஜான்னே தெரியாது. அது பட்டாளம் கிடையாதுங்க, ஒவ்வொருத்தனும் வேற வேற வீட்ல இருந்து, வேற வேற காரணத்துக்காக காட்டுக்கு ஓடி வந்தவன், ஒருத்தன் மாவு மில்காரன் மகன், ஒருத்தர் மதகுரு, ஒருத்தன் ஏழடின்னு சொல்ற அளவுக்கு உயரமான ஆளு. இந்த ஆள் யாரு, எந்தக் காலத்து ஆளு, என்ன துணி அவன் கைக்குக் கிடைச்சிருக்கும்னு யோசிச்சுட்டு பிரஷ்ஷை எடுங்க. கலர் அதுலயிருந்தே வந்துடும்.

எந்தக் காலம்னு முடிவு பண்ணுங்க

பணம் கட்டி ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி பண்ண வேண்டியது இது. சிங்கநெஞ்சன் ரிச்சர்ட் ராஜா காலம், அதாவது 1190-கள்னுதான் நமக்கெல்லாம் பழக்கம், ஆனா ராபினை அந்தக் காலத்துல கொண்டு போய் வெச்சது 1521-ல ஜான் மேஜர்ங்கிற ஸ்காட்லாந்து வரலாற்று ஆசிரியர். பழைய கதைப்பாட்டுகள்ல வர்ற ராஜா பேரு எட்வர்ட். அந்தப் பாட்டுகள்ல பெருசா இருக்கிற 'கெஸ்ட்' 1500 வாக்குல அச்சாச்சு, அதுல ராபின் பிரபுவும் கிடையாது, யோமன்னு சொல்ற சாதாரண சுதந்திரக் குடியானவன். ஹண்டிங்டன் பிரபுன்னு பட்டம் கொடுத்தது 1598 வாக்குல வந்த மேடை நாடகம்தான்.

இதனால உங்களுக்கு என்னன்னா உடுப்பும் ஆயுதமும் மாறும். 1190-கள்னு வெச்சுக்கிட்டா ராபினைத் துரத்துற அதிகாரியான ஷெரிஃபோட ஆளுங்களுக்கு முழங்கால் வரைக்கும் சங்கிலிக் கவசம், மூக்கை மறைக்கிற பட்டை வெச்ச கூம்பு ஹெல்மெட், நீளமான கேடயம். 1300-களுக்குப் போனா விளிம்பு அகலமான தொப்பி மாதிரி இரும்பு ஹெல்மெட், பஞ்சு வெச்சு தைச்ச கனமான சட்டை, கைப்பிடி அளவு சின்ன வட்டக் கேடயம், முழங்கால்ல தகடு. ரெண்டு காலத்தையும் கலந்து ஒரே மேசைல வெச்சா பார்க்கிறவங்களுக்கு ஏதோ இடிக்குதுன்னு தோணும், ஏன்னு சொல்லத் தெரியாது. ஒரு காலத்தைப் பிடிச்சுக்கோங்க. எனக்கு 1300-கள்தான் இஷ்டம், பாட்டுகள்ல இருக்கிற ஆளு அந்த ஆளுதான், உயரமான போர் வில்லும் அந்தக் காலத்துக்குத்தான் பொருந்துது.

எந்த சைஸ், எங்க வாங்குறது

ரெண்டு சைஸ்தான் முக்கியமா பேசுவாங்க. 28 மி.மீ.ன்னா பொதுவா கால்ல இருந்து கண் வரைக்கும் அளக்கிற உயரம், மேசை விளையாட்டுக்கு வர்றது, விலை குறைவு, கூட்டமா சேர்க்கலாம். 54 மி.மீ.ங்கிறது பழைய பொம்மை சோல்ஜர் அளவு, வில்லியம் பிரிட்டன் கம்பெனி 1893-ல உள்ள வெற்றிடமா ஈயத்துல வார்க்க ஆரம்பிச்சப்போ பரவின சைஸ், இப்போ ஷோகேஸ்ல வைக்கிறதுக்காக தனி உருவமா பண்றாங்க, முகம் பெருசா கிடைக்கும், அதனால தப்பும் பெருசா தெரியும். முதல்ல 28-ல ஒரே ஒரு உருவம் வாங்குங்க. ராபினை வாங்காதீங்க, ரொம்ப ஆசைப்பட்ட ஆளை முதல் ஆளா பெயின்ட் பண்ணக்கூடாது. பேரில்லாத காட்டுக்காரன் ஒருத்தனை வாங்குங்க, இல்லன்னா கையில கம்பு மட்டும் வெச்சிருக்கிற லிட்டில் ஜான், உடைய ஒண்ணும் இல்லாத உருவம்.

வெளிநாட்ல இருந்து வரவழைச்சா ஷிப்பிங்கும் கஸ்டம்ஸும் சேர்ந்து பொம்மை விலையைத் தாண்டிடும், அதனால ரெண்டு மூணு பேர் சேர்ந்து ஒரே பார்சலா போடுறது நல்லது. ஈபே மாதிரி இடத்துல பழசு வாங்கும்போது மூணு கேள்வி கேளுங்க: வில்லு, கத்தி, விரல் எல்லாம் முழுசா இருக்கா, அடியில கம்பெனி பேர், வருஷம் ஏதும் பொறிச்சிருக்கா, மேல வெள்ளைப் பொடி படிஞ்சிருக்கா. மூணாவது கேள்விதான் முக்கியம், அதைப் பத்தி கடைசில சொல்றேன். பெயின்ட் மோசமா இருக்குன்னு யாராச்சும் சல்லிசா விக்கிறாங்கன்னா தயங்காம வாங்குங்க, உலோகத்துல பழைய பெயின்ட்டை மொத்தமா எடுத்துடலாம்.

எடுக்கிறது எப்படின்னா, கண்ணாடி பாட்டில்ல போட்டு டெட்டாலை தண்ணி கலக்காம ஊத்தி ஒரு நாள் விட்டுடுங்க, அப்புறம் கிளவுஸ் மாட்டிக்கிட்டு பழைய டூத்பிரஷ்ஷை அதே டெட்டால்ல தொட்டு தேயுங்க, பெயின்ட் வழிஞ்சு வந்துடும். முழுசா போன பிறகுதான் சோப்புத் தண்ணி காட்டணும், நடுவுல தண்ணி பட்டா பெயின்ட்டும் டெட்டாலும் சேர்ந்து பிசுபிசுன்னு கோந்தாகி ஒட்டிக்கும். நெயில் பாலிஷ் ரிமூவர்ல இருக்கிற அசிட்டோன் இன்னும் வேகம், உலோகத்தை ஒண்ணும் பண்ணாது, ஆனா உருவம் நிக்கிற பேஸ் பிளாஸ்டிக்கா இருந்தா கழட்டிடுங்க, அது கரைஞ்சுடும், ஜன்னலையும் திறந்து வையுங்க. புதுசா வர்றவங்களை நான் உலோகத்துக்கு இழுக்கிறதுக்குப் பெரிய காரணமே இதுதான், எத்தனை தடவை வேணும்னாலும் கழுவிட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கலாம், உருவம் அப்படியே இருக்கும்.

சுத்தம் பண்றது

இந்த உருவங்களை ரப்பர் அச்சுல வார்க்கிறாங்க, வட்டமான அச்சை வேகமா சுத்தவிட்டு நடுவுல உருக்கின உலோகத்தை ஊத்துவாங்க, அது சுழற்சி வேகத்துல விரல் நுனி வரைக்கும் போய் நிரம்பும். அச்சு ரெண்டு பாதியா இருக்கிறதால பக்கவாட்டுல மெல்லிசா ஒரு கோடு வரும், அங்கங்க பிசிறு நிக்கும், காத்து வெளிய போற வழியில முடி மாதிரி கம்பி நீட்டிக்கிட்டு இருக்கும். இதெல்லாம் எடுக்கலைன்னா எவ்வளவு நல்லா பெயின்ட் பண்ணினாலும் முகத்துக்குக் குறுக்க ஒரு கோடு ஓடும்.

கம்பியை சின்ன கட்டர்ல நறுக்குங்க. கோட்டை ஹாபி கத்தியோட முனைய நிமித்திப் பிடிச்சு சுரண்டுங்க, வெட்டாதீங்க, அப்புறம் நகைக்கடைக்காரங்க வெச்சிருப்பாங்களே அந்த மாதிரி சன்ன அரத்தால லேசா ராவுங்க. தொப்பி ஓரம், தோள், கால் உள்பக்கம், வில்லோட ரெண்டு ஓரம், இந்த நாலு இடத்துலதான் கோடு ஒளிஞ்சிருக்கும், வெளிச்சத்தைப் பக்கவாட்டுல காட்டிப் பாருங்க.

இங்க ஒரு எச்சரிக்கை. 1990-களுக்கு முன்னாடி வந்த உருவங்கள்ல பெரும்பாலும் ஈயம் உண்டு, இப்போ வர்றது நிறைய வெள்ளீயம் அதிகமா இருக்கிற கலவை, ஆனா எல்லா கம்பெனியும் அப்படின்னு நினைச்சுக்காதீங்க. வெள்ளைத் தாள்ல அடிப்பக்கத்தைத் தேச்சுப் பாருங்க, பென்சில் மாதிரி சாம்பல் கோடு விழுந்தா ஈயம் நிறைய இருக்குன்னு எடுத்துக்கோங்க. அரத்தை தண்ணில நனைச்சுட்டு ராவுங்க, பொடி பறக்காது, மாஸ்க் போடுங்க, அந்த மேசைல டீ, பிஸ்கட் எதுவும் வேணாம், முடிச்சதும் ஈரத்துணியால துடைச்சு கையை சோப்பு போட்டு கழுவுங்க. வீட்ல சின்னக் குழந்தை இருந்தா எட்டாத உயரத்துல வையுங்க, பிரஷ் முனைய வாயில வெச்சு கூர் பண்ற பழக்கத்தை ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க.

சுத்தம் பண்ணினதும் பாத்திரம் கழுவுற லிக்விட் போட்டு கழுவிக் காய வையுங்க, அச்சுல தூவின பவுடர் மேல இருந்தா பெயின்ட்டுக்கு அடியில பூசுற ப்ரைமர் பிடிக்காது.

வில்லு வளைஞ்சு வந்திருந்தா விரலால மெதுவா ஒரே தடவைல நிமித்துங்க. முன்னாடி பின்னாடின்னு ஆட்டினீங்கன்னா அந்த இடம் களைச்சுப் போய் ஒடிஞ்சுடும்.

ஒட்டுறது

கை, தலை தனியா வர்ற உருவம்னா ஃபெவிக்விக் மாதிரி பசையே போதும், கொஞ்சமா வெச்சா நல்லா பிடிக்கும், நிறைய வெச்சாதான் பிடிக்காது. 54 மி.மீ.ல கனமான கை, வில்லு தாங்குற கை இருந்தா பின் போடணும்: கையால சுத்துற சின்ன டிரில்ல ரெண்டு பக்கமும் 1 மி.மீ. துளை போட்டு, ஜெம் கிளிப்பை நறுக்கி உள்ள வெச்சு, அரால்டைட்ல ஒட்டுங்க. இடைவெளி தெரிஞ்சா ரெண்டு கலர் பிசைஞ்சு பண்ற எபாக்ஸி புட்டி வைக்கலாம், ஹாபி கடைல கிடைக்கிற கிரீன் ஸ்டஃப் செதுக்குறதுக்கு நல்லா இழையும், வெறும் ஓட்டை அடைக்கணும்னா ஹார்ட்வேர் கடை எம்-சீலே போதும். துணி மடிப்பு மேல வைக்கிறதா இருந்தா அது காயறதுக்கு முன்னாடி ஈரமான பல்குச்சியால மடிப்பைத் தொடர்ந்து இழுத்து விடுங்க.

ப்ரைமர்

வெறும் உலோகத்து மேல நாம அடிக்கிற அக்ரிலிக் பெயின்ட் ஒட்டாது, நகம் பட்டாலே உரிஞ்சு வந்துடும். கார்களுக்கு அடிக்கிற சாம்பல் ப்ரைமர் ஸ்ப்ரே நல்லா வேலை செய்யும், டப்பாவை ரெண்டு நிமிஷமாவது குலுக்கிட்டு, ஒரு அடி தூரத்துக்குக் கொஞ்சம் கிட்ட பிடிச்சு, நிறுத்தாம வீசிக்கிட்டே போற மாதிரி மெல்லிசா ரெண்டு மூணு தடவை. ஒரே தடவைல மூடணும்னு அடிச்சா கண்ணும் வாயும் அடைச்சுடும். மழைக்காலத்துல, முக்கியமா ஐப்பசி கார்த்திகைல சென்னை, யாழ்ப்பாணம் பக்கம் இருக்கிறவங்க ஸ்ப்ரேயைத் தொடாதீங்க, காத்துல ஈரம் இருந்தா மேற்பரப்பு மணல் தாள் மாதிரி சொரசொரன்னு ஆயிடும், அப்போ வலேஹோ மாதிரி பிரஷ்ஷால பூசுற ப்ரைமர் வாங்கிக்கோங்க.

சாம்பல் எல்லாத்துக்கும் பொது. ஷெரிஃப் ஆளுங்க மாதிரி சங்கிலிக் கவசம் நிறைய இருந்தா கருப்பு. இன்னொரு வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும், முதல்ல முழுசா கருப்பு அடிச்சுட்டு, அப்புறம் நேர் மேல இருந்து மட்டும் வெள்ளையோ வெளிர் சாம்பலோ லேசா அடிக்கிறது, உச்சி வெயில்ல நிக்கிற ஆளு மேல எங்க வெளிச்சம் விழும், எங்க நிழல் விழும்னு உருவமே சொல்லிக் கொடுத்துடும், பெயின்ட் பண்ணும்போது அதைப் பார்த்துக்கிட்டே போகலாம்.

கலர், பிரஷ்

நூறு பாட்டில் வாங்காதீங்க. கருப்பு, தந்தம் மாதிரியான வெள்ளை, கடும் பழுப்பு, வெளிர் பழுப்பு, காவி மஞ்சள், ஆலிவ் பச்சை, நீலம், செங்கல் சிவப்பு, தோல் நிறம், ஸ்டீல், இதோட கருப்பும் பழுப்புமா ரெண்டு வாஷ் (பள்ளத்துல தேங்கி நிழல் காட்டுற தண்ணியான பெயின்ட்), அவ்வளவுதான் முதல் வருஷத்துக்கு. வலேஹோ, சிட்டாடல், ஆர்மி பெயின்டர் எதுவா இருந்தாலும் சரி. பிரஷ் மட்டும் நல்லதா ஒண்ணு வேணும், கோலின்ஸ்கி சேபிள் முடில 1-ம் நம்பர், வின்சர் அண்ட் நியூட்டன் சீரிஸ் 7 பேர் போனது, பொடி சைஸ் பிரஷ் வேணாம், அதுல பெயின்ட் நுனிக்கு வர்றதுக்குள்ள காஞ்சுடும், கூர் முனை இருக்கிற 1-ம் நம்பர்லயே கண்ணு வரைக்கும் போடலாம். உலோக பெயின்ட்டுக்கும் டிரை பிரஷ்ஷுக்கும் (பிரஷ்ல இருக்கிற பெயின்ட்டைத் துடைச்சுட்டு மேடான இடத்துல மட்டும் தட்டுறது) பழைய சிந்தெடிக் பிரஷ் தனியா வெச்சுக்கோங்க.

பெயின்ட் காயாம வெச்சுக்கிற ஈரத் தட்டு, அதாவது வெட் பேலட், வீட்லயே பண்ணிடலாம், மூடி இருக்கிற தட்டையான டப்பா, அடியில நனைச்ச ஸ்பாஞ்ச், மேல கேக் பேக் பண்ற பேக்கிங் பேப்பர். வெயில் காலத்துல ஃபேனுக்குக் கீழ உக்கார்ந்து பண்றவங்களுக்கு இது இல்லாம முடியாது. பெயின்ட்டுல தண்ணி கலந்து பால் பதத்துக்குக் கொண்டு வாங்க, ஒரு கோட்ல மூடாது, மூடவும் கூடாது, ரெண்டு மூணு கோட் மெல்லிசா போனாதான் செதுக்கின விவரம் நிக்கும்.

உருவத்தைக் கையில பிடிக்காதீங்க, காலி மருந்து பாட்டில் மூடி மேல ஒட்டி பாட்டிலைப் பிடிங்க.

பச்சை

இப்போதான் விஷயத்துக்கு வர்றோம். லிங்கன் பச்சைன்னு சொல்றது லிங்கன் ஊர்ல சாயம் போட்ட கம்பளித் துணி, 'கெஸ்ட்' பாட்டுல ராஜாவும் அவர் ஆளுங்களும் சாம்பல் அங்கியைக் கழட்டிப் போட்டுட்டு லிங்கன் பச்சைக்கு மாறுற இடம் வருது. அந்தப் பச்சை ஒரே சாயத்துல வந்தது இல்லை, முதல்ல வோட்ங்கிற செடியோட நீலம், அதுல இருக்கிறது நம்ம அவுரில இருக்கிற அதே நீலச் சாயம்தான், அதுக்கு மேல வெல்ட்ங்கிற செடியோட மஞ்சள். அதனால நீங்களும் பாட்டில் பச்சையை அப்படியே அடிக்காம நீலத்தோட காவி மஞ்சளைக் கலந்து, துளி பழுப்பு விட்டு ஆரம்பிங்க. பிளாஸ்டிக் பச்சை போய் துணிப் பச்சை வந்துடும்.

இன்னொரு அழகான விஷயம், வெயில்ல மஞ்சள்தான் முதல்ல வெளுக்கும், பழைய ஐரோப்பிய திரைச்சீலைகள்ல மரமெல்லாம் நீலமா தெரியுறதுக்குக் காரணம் இதுதான். அப்போ பல வருஷமா காட்டுல திரியுறவனோட தொப்பி உச்சி, தோள்பட்டைக்கு வெள்ளை கலந்து ஹைலைட் போடாம நீலச் சாம்பலைக் கலந்து போடுங்க, அக்குள், பெல்ட்டுக்கு அடியில பச்சையும் மஞ்சளுமா ஆழமா விடுங்க. நேத்து வந்து சேர்ந்தவனுக்குப் புதுப் பச்சை, இல்லன்னா பச்சையே வேணாம், அவன் ஊர்ல போட்டிருந்த சாயம் போடாத பழுப்புக் கம்பளியோடவே நிக்கட்டும். ஆறு பேர்ல மூணு பேருக்கு மேல பச்சை வேணாம்னு நான் சொல்லுவேன், மத்தவங்களுக்கு தொப்பி மட்டுமோ காலுறை மட்டுமோ பச்சை இருந்தா போதும், கூட்டம் ஒண்ணுன்னு கண்ணு சேர்த்துக்கும்.

கம்பளி மினுக்காது. அதனால நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவுல வித்தியாசம் மெதுவா போகணும்: நடு நிறம் போடுங்க, மடிப்புக்குள்ள பழுப்பு வாஷ் விடுங்க, காஞ்சதும் நடு நிறத்தையே மேடான இடத்துல மறுபடி போட்டு, கடைசியா வெளுத்த நிறத்தை மடிப்பு முகட்டுல மட்டும். தோல் பெல்ட்டும் ஷூவும் வேற, அதோட ஓரத்துல வெளிர் பழுப்புல கூர்மையா கோடு இழுங்க, தேஞ்ச தோல் மாதிரி இருக்கும்.

ஒவ்வொரு ஆளா

வில் ஸ்கார்லெட்டுக்கு பேர்லயே சிவப்பு இருக்கு, ஆனா எந்தச் சிவப்பு? மேடர் வேர்ல எடுக்கிற செங்கல் சிவப்பு ஏழைக்கும் கிடைக்கும், நம்ம மஞ்சிட்டி அந்த இனம்தான், கெர்மெஸ்ங்கிற பூச்சில எடுக்கிற ஆழமான சிவப்பு பணக்காரன் துணி. ஸ்கார்லெட்டுக்கு பணக்காரத் துணியைப் போட்டு, அதை அழுக்காக்கி, ஓரத்துல கிழிசல் தெரியுற மாதிரி பண்ணினா எங்கயோ நல்லா வாழ்ந்தவன்னு பார்த்ததும் தெரியும்.

மில்காரன் மகன் மச்சுக்கு முழங்கால்லயும் முன்கையிலயும் தந்த வெள்ளையை டிரை பிரஷ்ல லேசா தட்டுங்க, மாவு.

ஃப்ரையர்னா கிறிஸ்தவத் துறவி, ஃப்ரையர் டக்கை எல்லாரும் பழுப்புலதான் பெயின்ட் பண்றாங்க. இங்கிலாந்துக்கு ஃப்ரான்சிஸ்கன் துறவிங்க வந்தது 1224, அதனால ரிச்சர்ட் காலத்துல ஃப்ரையரே கிடையாது, 1300-களைத் தேர்ந்தெடுக்க இதுவும் ஒரு காரணம். அவங்களை அங்க சாம்பல் ஃப்ரையர்னு கூப்பிட்டாங்க, அங்கி சாம்பல். டொமினிக்கன்ங்கிற இன்னொரு துறவிக் கூட்டம்னா வெள்ளை அங்கி மேல கருப்பு மேலங்கி. டக்கை சாம்பல்ல பண்ணிப் பாருங்க, பச்சைக்காரங்க நடுவுல அவர் அப்படியே தனியா எடுத்துக் காட்டுவார், இடுப்புக் கயிறு மட்டும் வெளிர் நிறம். 1417-ல ஃப்ரையர் டக்ங்கிற பட்டப்பேரை வெச்சுக்கிட்டு கொள்ளையடிச்ச ராபர்ட் ஸ்டாஃபோர்ட்னு ஒரு பாதிரியார் அரசு ஆவணத்துலயே இருக்கார், சசெக்ஸ் லிண்ட்ஃபீல்ட் ஊரைச் சேர்ந்தவர், அவரை மாதிரி பண்ணணும்னா அங்கிக்குள்ள கத்தி வெச்ச உருவமா தேடுங்க.

கிஸ்போர்ன் ஊர்க்காரன் கை (Guy) உருவம் கிடைச்சா விட்டுடாதீங்க. பழைய பாட்டுல அவன் தலை, வால், பிடரியோட முழு குதிரைத் தோலைப் போர்த்திக்கிட்டு வர்றான், ராபினைக் கொல்ல வந்த கூலிக்காரன். பெரும்பாலான உருவங்கள்ல கருப்புக் கவசம் போட்டுடுறாங்க, கிரீன் ஸ்டஃப்ல தோளுக்கு மேல ஒரு தோலும் பிடரியும் செதுக்கிட்டு, செம்பழுப்பு அடிச்சு, முடி போற திசையில பொடிக் கோடா வெளிர் பழுப்பு இழுத்தீங்கன்னா மொத்த கலெக்‌ஷன்லயும் எல்லாரும் முதல்ல அவனைத்தான் எடுத்துப் பார்ப்பாங்க.

ஷெரிஃப் ஆளுங்க கவசம் சுலபம், கருப்பு மேல ஸ்டீலை டிரை பிரஷ் பண்ணி, பழுப்பு வாஷ் ஒரு தடவை, தோள்ல மட்டும் மறுபடி துளி ஸ்டீல். கேடயத்துல சிங்கம் வரையணும்னு முதல்லயே இறங்காதீங்க, ரெண்டு கலரா பாதி பாதி பிரிக்கிறது, குறுக்குப் பட்டை இதெல்லாமே நிஜமான ஹெரால்ட்ரி, அதாவது கேடயச் சின்ன டிசைன்தான்.

முகம்

நடு தோல் நிறம் போட்டு, செம்பழுப்பு வாஷை மெல்லிசா விடுங்க, காஞ்சதும் நெத்தி, மூக்குத் தண்டு, கன்ன மேடு, தாடைக்கு வெளிர் தோல் நிறம். வெளியிலயே வாழ்ற ஆளுங்க, அதனால மூக்கு நுனி, காது, விரல் கணுவுல செங்கல் சிவப்பைத் தண்ணியா ஒரு தொடு. கண்ணுக்கு முதல்ல கடும் பழுப்புல ஒரு சின்ன படுக்கைக் கோடு, அதுக்குள்ள தந்த வெள்ளை, சுத்த வெள்ளை போட்டா முழிக்கிற மாதிரி ஆயிடும், அப்புறம் கருவிழி. ரெண்டு கண்ணும் பக்கவாட்டுல பார்க்கிற மாதிரி வெச்சா சமமா வைக்கிறது சுலபம், ஒளிஞ்சு நிக்கிறவனுக்குப் பொருத்தமும் கூட. 28 மி.மீ.ல தொப்பி நிழல் விழுற முகம்னா பழுப்புக் கோட்டோட நிறுத்திடலாம், ஒரு அடி தள்ளி நின்னு பார்த்தா கண்ணு இருக்கிற மாதிரியேதான் தெரியும்.

வில்லும் அம்பும்

ராபின் ஹுட் உருவத்துல வில்லை வெறும் பழுப்பா விட்டா எனக்கு மனசே ஆறாது. ஆங்கிலேயர் வில்லு யூ மரத்துல பண்றது, ஒரே கட்டையில ரெண்டு நிறம் வரும், எதிரியைப் பார்க்கிற வெளிப்பக்கம் வெளிர் மஞ்சள் வெள்ளைக்கட்டை, அது இழுபடும்போது தாங்கும், வில்லாளியைப் பார்க்கிற உள்பக்கம் வைரம் பாஞ்ச ஆரஞ்சுப் பழுப்பு, அது அமுங்கும்போது தாங்கும். 1545-ல மூழ்கி 1982-ல தூக்கின மேரி ரோஸ் கப்பல்ல நூத்துக்கும் மேல வில்லுங்க கிடைச்சது, அதுல இந்தக் கட்டமைப்பைப் பார்க்கலாம். முழுசா ஆரஞ்சுப் பழுப்பு அடிச்சுட்டு, வெளிப்பக்க ஓரம் முழுக்க தந்த நிறத்தோட துளி மஞ்சள் கலந்து ஒரே கோடு. நிமிஷக் கணக்குல முடியுற வேலை.

நாண் பல உருவங்கள்ல வார்த்தே வராது. மீன்பிடிக்கிற நைலான் நூல்ல மெல்லிசு, இல்லன்னா சன்னமான செம்புக் கம்பி, ரெண்டு நுனியிலயும் துளி சூப்பர் க்ளூ வெச்சு ஒட்டுங்க. எல்லா பெயின்ட்டும் வார்னிஷும் முடிஞ்ச பிறகுதான் இதைச் செய்யணும்.

அம்புக்கு கூஸ்னு சொல்ற பெரிய வாத்தோட இறகு, சாம்பலும் வெள்ளையும். ராபினுக்கு மட்டும் மயிலிறகு கொடுங்க: 'கெஸ்ட்'ல கடன் தீர்க்க வர்ற நைட்ங்கிற குதிரைவீரர் நூறு வில்லும் நூறு கட்டு அம்பும் பரிசா கொண்டு வர்றார், அம்பெல்லாம் மயிலிறகு கட்டினது. கடும் நீலம், மேல துளி பச்சை, அவ்வளவுதான். முதுகுல அம்பறாத்தூணி இல்லாம பெல்ட்டுல அம்பைச் செருகின உருவம் கிடைச்சா அதை எடுங்க, அந்தக் கால ஓவியங்கள்ல அப்படித்தான் நிறைய இருக்கு.

பேஸ், வார்னிஷ், அலமாரி

ஷெர்வுட் முழுக்க அடர்ந்த மரம்னு நினைக்காதீங்க, அது ராஜாவோட வேட்டை நிலம், ஓக், பிர்ச் மரங்களுக்கு நடுவுல திறந்த புதர் நிலம், அடியில மணற்பாறை. பேஸ்ல சலிச்ச மணலை பெவிகால்ல ஒட்டி, மணல் பழுப்பு அடிச்சு, வெளிர் நிறம் டிரை பிரஷ் பண்ணி, உலர்த்தின டீத்தூளை அங்கங்க சருகா ஒட்டுங்க. பச்சைப் புல் கம்மியா போடுங்க, ஆளோட பச்சை அதுல கரைஞ்சுடும்.

கையில எடுத்து விளையாடுற உருவம்னா பளபளக்கிற கிளாஸ் வார்னிஷ் ஒரு கோட் பாதுகாப்புக்கு, அது நல்லா காஞ்ச பிறகு மேல மினுக்காத மேட் வார்னிஷ். ஷோகேஸுக்கு மேட் மட்டும் போதும். இதையும் ஈரமான நாள்ல ஸ்ப்ரே பண்ணினா வெள்ளையா பூத்துடும், முதல்ல ஒரு பழைய உருவத்துல அடிச்சுப் பாருங்க.

வெள்ளைப் பொடி பத்தி சொல்றேன்னேன். ஈயம் கலந்த பழைய உருவங்கள் மரத்துல இருந்து வர்ற அமில ஆவி பட்டா மெதுவா அரிச்சு வெள்ளைப் பொடியா மாறும், அருங்காட்சியகங்கள்லயே இது பெரிய தலைவலி. ஓக் மரம் இதுல மோசமான ஒண்ணு, எம்.டி.எஃப். பலகையும் நல்லதில்லை. பழசு சேர்க்கிறவங்க கண்ணாடியும் மெட்டலும் மட்டும் இருக்கிற ஷெல்ஃபா பாருங்க, மூடி அடைச்சு வைக்காம காத்து போக விடுங்க, பொடி கண்ட உருவத்தைத் தனியா எடுத்து வெச்சுடுங்க, அந்தப் பொடியை ஊதவோ வெறுங்கையால துடைக்கவோ வேணாம், ஈயப் பொடி அது. வெளிய எடுத்துட்டுப் போகணும்னா பேஸ் அடியில சின்ன காந்தம் ஒட்டி பிஸ்கட் டின்ல நிக்க வெச்சுடுங்க, ஆடாது.

கடைசியா பேஸ் அடியில பர்மனென்ட் பேனாவால கம்பெனி பேர், உருவத்தோட பேர், முடிச்ச வருஷம் எழுதுங்க, ஒரு நோட்டுல அந்த ஆளுக்கு எந்தப் பச்சையை எந்த விகிதத்துல கலந்தீங்க, வெளுப்புக்கு என்ன சேர்த்தீங்கன்னு குறிச்சு, பக்கத்துலயே அந்தக் கலரை ஒரு தடவு தடவி வெச்சுக்கோங்க, அடுத்த வருஷம் கூட்டத்துல புது ஆள் சேர்க்கும்போது அதைப் பார்த்துத்தான் இவனுக்கு இன்னும் கொஞ்சம் புதுப் பச்சையா, இல்ல இன்னும் வெளுத்ததான்னு முடிவு பண்ணுவீங்க.